டோங்கா வகுப்புக்குத் துக்கம் கேட்கப் போனது

மாங்கெரே, ஆக்லாந்து
சனிக்கிழமை, மழை

அன்பு மகள் பிசிலாவுக்கு,

ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் தனக்கு மனசு வந்தால்தான் நடமாடுகிறது. அங்கே ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கெலேசியும் விறைத்துப் போகாமல் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்கிறேன் என்று ஏன் சொல்கிறேன் என்றால், உன் கடைசிக் கடிதம் முழுக்க ஆங்கிலத்தில் வந்தது. உன் அம்மா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மின்சார ஆபீஸிலிருந்து வந்திருக்கிறது என்று சொல்லி பில் போடும் டப்பாவில் போட்டுவிட்டாள். ஒரு வாரம் கழித்து நான்தான் கண்டுபிடித்தேன். ஜனவரியில் நீங்கள் மூன்று பேரும் இங்கேயே குடி வருகிறீர்கள் என்று நான் படித்துச் சொன்னதும் கட்டணத்தை மன்னித்துவிட்டாள். பின்னறைக்குச் சாயம் பூசித் தருகிறேன் என்று உன் அண்ணன் ஹெபெதி வாக்குக் கொடுத்திருக்கிறான். அவன் மீன்வலை இன்னும் அந்த அறைக்குள்தான் காய்கிறது, ஆகவே நீ சாயத்தை நம்பி வராதே. கெலேசிக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் பார்த்துவைத்திருப்பதாகவும் அங்கே பிள்ளைகள் வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு போவார்கள் என்றும் எழுதியிருந்தாய். தொப்பி நல்லதுதான், வெயிலுக்கு ஆகும். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. உன் அண்ணன் மகள் அகானேசி இங்கே எல்லாப் பாடமும் நம் மொழியில் படிக்கிற டோங்கா வகுப்பை அடுத்த வருஷத்திலிருந்து மூடுவதாக இருக்கிறார்கள், அது விஷயமாக நேற்று உன் அம்மா உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டாள். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு முன்னால் வந்து கணக்கை எழுதுவாய். இந்தக் கடிதத்தில் அந்த வேலையைச் செய்யாதே, விடை கிடைக்கும், கணக்கு புரியாது.

வருஷத்தில் ஒரு வாரம் நம் டோங்கா மொழிக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள் அல்லவா, அந்த வாரம் இது. மற்ற வாரங்களில் நம் மொழி வெளியே செருப்போடு நிற்கும், இந்த வாரம் மட்டும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடுவார்கள். அகானேசியின் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை திருமதி பார்டன். கெட்டவள் என்று சொல்லமாட்டேன், மழையில்கூட வாசலில் குடையோடு நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிடும்போது பெயர் அடிபட்டு நொண்டிக்கொண்டு வரும், அது வேறு. அவள் வந்த முதல் வருஷம் இந்த வாரத்துக்கு மண்டபம் முழுக்கக் காகிதத் தென்னைமரம் ஒட்டி, வாசலில் பெரிய எழுத்தில் சமோவாக்காரர்களின் வணக்கத்தை எழுதிவைத்தாள். போன வருஷம் பிள்ளைகளுக்கு ஹவாய்ப் பக்கத்துப் புல்பாவாடை கட்டிவிட்டாள், அதுவும் பிளாஸ்டிக் புல். ஓர் உதாரணம் சொல்கிறேன். உன் பிறந்தநாளுக்கு உன் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரை எழுதி ஒருவர் கேக் கொண்டுவந்தால் நீ என்ன செய்வாய்? நாங்கள் இரண்டு வருஷமும் கேக்கைத் தின்றுவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

இந்த வருஷம் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வாசலில் எழுத்து ஓடுகிற பலகை ஒன்று இருக்கிறது, தெரியுமல்லவா, இந்த ஒரு வாரம் அதில் நம் மொழி மட்டும்தான் ஓடும் என்று முடிவாயிற்று. ஆங்கிலத்தில் எழுதிக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பார்களாம், அது நம் மொழியில் கக்குமாம். பக்கத்து அறையில் சம்பளம் கொடுத்து ஒரு டோங்கா டீச்சரை வைத்திருக்கிறார்களே, நம் சானே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திங்கட்கிழமை அந்தப் பலகை வண்டிகளை முதுகில் நிறுத்தச் சொன்னது. பின்பக்கம் நிறுத்துங்கள் என்று சொல்ல வந்திருக்கிறார்கள். நம் சபை மூப்பர் கிதியோனேயை உனக்குத் தெரியும், பன்றி சுடுவதிலும் வம்பு வளர்ப்பதிலும் அவரை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆளில்லை. அவர் நேராக ஆபீஸுக்குப் போய் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டிக் குனிந்து நின்று, யார் வண்டி முதலில் என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த பெண் பயந்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பலகையில் ஓடியது இதுதான்: டோங்கா வகுப்பு மாலோலோ, வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் மண்டபத்தில் கூடுவோம். உனக்கு இந்த வார்த்தையை நான் விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவளுக்கு ஒரு தரம் சொல்லிவைப்பதில் தப்பில்லை. பிள்ளைகளுக்கு லீவு விட்டால் மாலோலோ. நான் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேனே, அதுவும் மாலோலோ. ஒருவர் செத்துப்போனால், செத்தார் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லாமல், அதையும் மாலோலோ என்றுதான் சொல்வோம். கடைத்தெருவில் யாராவது உன் அம்மாவிடம் என் பெயரைச் சொல்லி, பெனிசிமானி இப்போது மாலோலோவா என்று கேட்டால், எந்த மாலோலோ என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவள் பதில் சொல்வாள். இப்போது அந்தப் பலகையை இன்னொரு தரம் வாசித்துப் பார். இன்னார் மாலோலோ, இன்ன நாள் மண்டபத்தில் கூடுவோம். நம் சபையில் சாவு அறிவிப்பது அப்படியே இதே வாக்கியம்தான். கிதியோனே பேரப்பிள்ளைகளை இறக்கிவிட வந்தவர் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் தொப்பியைக் கழற்றினால் போதும், மத்தியானத்துக்குள் ஓட்டாஹூஹு சந்தை வரைக்கும் சேதி போய்விட்டது. வகுப்பு எப்படிச் சாகும், டீச்சரைத்தான் சொல்கிறார்கள் என்று பாதி ஜனம் தீர்மானித்துவிட்டது.

சாயங்காலம் பாடகர் குழுப் பெண்கள் கறுப்பு உடுத்தி, பாயும் டின் மாட்டிறைச்சியும் எடுத்துக்கொண்டு, தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு சானே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்தது சானே, கையெல்லாம் மாவு. யாருக்கு என்ன ஆயிற்று என்று அவள் பதறிப்போய்க் கேட்க, ஒருத்தி அழுகையை நடுவில் நிறுத்தி, "உனக்குத்தான்னு வந்தோம்டி" என்றாளாம். சானே சிரித்துவிட்டு எல்லோரையும் உட்காரவைத்துத் தன் சாவுக்குத் தானே டீ போட்டுக் கொடுத்தாள். பாதி டீயில் ஒருத்தி, அப்படியானால் பலகையில் போட்டது வகுப்பைத்தான் என்று சொன்னாள். பார்த்துக்கொள், தன் வகுப்பு மூடப்போகிறது என்று அந்தப் பெண் தெரிந்துகொண்டது துக்கம் கேட்க வந்தவர்கள் வாயால்.

மறுநாள் நானும் உன் அம்மாவும் போனோம். சானே அதற்குள் தலைமையாசிரியையிடம் பேசியிருந்தாள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது, அதனால் அடுத்த வருஷத்திலிருந்து வகுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கிறோம், ஓய்வு என்ற வார்த்தையைத்தான் போட்டோம், உன்னிடம் முதலில் நேரில் சொல்வதாக இருந்தேன், பலகை முந்திக்கொண்டது, மன்னித்துக்கொள் என்றாளாம். சானேக்கு வேறு பள்ளிக்கூடத்தில் இடம் பார்த்துத் தருவார்களாம். நான் என் பழைய வழக்கப்படி இரண்டு பக்கமும் நியாயம் பேசப்போய், ஆங்கிலத்தில் அவர்கள் ஓய்வு என்றுதான் நினைத்து எழுதியிருக்கிறார்கள், சாவு என்று எழுதவில்லை, இது மொழிபெயர்ப்பில் வந்த பிழை என்றேன். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கரும்பலகையில் தப்பாக எழுதிய பையனைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. "ஓய்வுன்னா எப்ப எந்திரிக்கும்னு ஒரு நாள் சொல்லணும். எந்திரிக்கிற நாள் சொல்லாத ஓய்வுக்கு நம்ம ஊர்ல பொட்டி செய்வாங்க" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ஆங்கிலத்தில் நாசூக்காக ஒளித்துவைத்திருந்ததை அந்தக் கம்ப்யூட்டர் நம் மொழிக்குக் கொண்டுவந்ததும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டது. வாரம் முழுக்க அது சரியாக மொழிபெயர்த்தது அந்த ஒரு வார்த்தையைத்தான். சாவுக்கு அழைத்திருக்கிறார்கள், சாவுக்குப் போகிற மாதிரியே போவோம் என்று உன் அம்மா முடிவு கட்டிவிட்டாள். கிதியோனே துக்கச் சாப்பாட்டுக்குப் பன்றிக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

நேற்றுக் காலை நீ பார்த்திருக்க வேண்டும். மண்டபத்துக்கு வெளியே சாஸேஜ் சுடுகிற அடுப்பு, உள்ளே பலூன், காகிதத் தென்னைமரம், காதில் பிளாஸ்டிக் செம்பருத்தி செருகிய டீச்சர்கள். வாசல் வழியாக நாங்கள் உள்ளே வருகிறோம், தலை முதல் கால் வரை கறுப்பு, இடுப்பிலிருந்து மார்பு வரைக்கும் துக்கத்துக்கென்று சுற்றிய பழைய முரட்டுப் பாய், அவரவர் வீட்டில் இருப்பதிலேயே கிழிந்ததாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு. ஹெபெதி ஆள் பெரிசு, பாய் பத்தவில்லை, மீன் வாசனையோடு ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்தான். சானே வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த நம் மொழி எழுத்து அட்டையை மேடைக்குக் கொண்டுவந்து நல்ல பாய் விரித்துக் கிடத்தி, கழுத்துவரை போர்த்துகிற மாதிரி மரப்பட்டைத் துணி போர்த்தி, தலைமாட்டில் ஒரு நாற்காலியும் போட்டு வைத்தோம். திருமதி பார்டனுக்குக் கண்ணெல்லாம் மின்னுகிறது. எவ்வளவு கம்பீரம், எவ்வளவு அசல் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா, கொஞ்சம் சிரிக்கலாமா என்று கேட்டாள். நாங்கள் சிரிக்கவில்லை. பாட்டு ஆரம்பித்தது. நம் ஜனங்கள் அடக்கப் பாட்டை நாலு குரலில் எடுத்தால் கூரைத் தகரம் அதிரும் என்பது உனக்குத் தெரியும். ஓர் இளம் வெள்ளைக்கார டீச்சர் ஏன் என்று தெரியாமலே தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள், காதுச் செம்பருத்தி கழுத்துக்கு வந்துவிட்டது.

பாட்டின் நடுவில் திருமதி பார்டன் நிற்கக் கால் வலித்தோ என்னவோ, மேடையேறி அந்தத் தலைமாட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பாடுகிறவர்கள் ஒரு வரியை விழுங்கிவிட்டார்கள். இறந்தவரின் தலைமாடு அத்தைக்கு உரிய இடம், அதில் அண்ணன் தம்பிகூட உட்காரமாட்டான். ஆனால் உட்கார்ந்தவரை எழுப்புவதும் நம் வழக்கம் இல்லை. அதனால் அத்தைக்குச் செய்ய வேண்டிய மரியாதை எல்லாவற்றையும் அவளுக்கே செய்தார்கள். பாய் வந்தது, துணி வந்தது, கேக் வந்தது, ஒவ்வொன்றாக அவள் காலடியில் குவிகிறது. அவள் நெஞ்சில் கை வைத்து எனக்கா எனக்கா என்று கூசுகிறாள், ஆனால் கூச்சத்தில் சந்தோஷமும் இருந்தது. கிதியோனே மண்டியிட்டு, தலையைக் குனிந்து, மெதுவாக நகர்ந்து அவள் முன்னால் போனார். அத்தை சொல்லாமல் அடுத்த காரியம் நடக்காது அல்லவா. அவருக்கு வருகிற ஆங்கிலத்தில், ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"அம்மா, உங்க வார்த்தைதான். இன்னிக்கே அடக்கம் பண்ணிடலாமா, இல்ல பொறுக்கலாமா?"

அவள் சிரித்த முகத்தோடு யாரை என்று கேட்டாள். கிதியோனேக்கு அந்த இடத்தில் ஆங்கிலம் தீர்ந்துவிட்டது. முன்வரிசையில் கறுப்புச் சட்டையோடு உட்கார்ந்திருந்த நம் அகானேசிதான் எழுந்து நின்று சொன்னாள், "எங்க வகுப்பை, மிஸ்."

நான் அந்தப் பெண்மணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தவன், ஒரு விஷயம் புரிகிற கணம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் கழுத்து சிவந்தது, அப்புறம் கறுப்புத் துணிகளைப் பார்த்தாள், போர்த்திய அட்டையைப் பார்த்தாள், காதுப் பூவை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். இதோடு நம் பக்கம் ஜெயித்தாயிற்று என்று ஜனம் நினைத்தது, நானும்தான் நினைத்தேன். அவள் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், அட்டையைக் காட்டிச் சொன்னாள்:

"இதைக் கொன்னது நான்னு சொல்றீங்க. அழுறதுக்கு மண்டபம் நெறைய வந்திருக்கீங்க. தினம் காலைல நான் வாசல்ல நிக்கிறேன், உங்க பிள்ளைங்க எந்தப் பக்கம் திரும்புறாங்கன்னு எனக்குத் தெரியும். சானே வகுப்புக்குத் திரும்புற பிள்ளைங்க எங்க?"

பிசிலா, எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கணக்கு சரியாக இருந்தால் வாத்தியார் கோபப்பட முடியாது. நீயே பார். தொப்பியைக் கழற்றி ஊரைக் கூட்டிய கிதியோனேயின் பேரப்பிள்ளைகள் இரட்டையர் இரண்டு பேரும் ஆங்கில வகுப்பில். அவர் நம் மொழியில் கேட்பார், அதுகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும், இவர் வந்தவர்களைப் பார்த்து, பாத்தீங்களா எவ்வளவு சூட்டிகை என்பார். சானே வீட்டு வாசலில் புரண்டு அழுதவள் இருக்கிறாளே, அவள் மகளுக்கு நம் மொழியில் தெரிந்தது ஜெபமும் திட்டும்தான், அதிலும் ஜெபம் பாதிதான் தெரியும். உன் அண்ணன் ஹெபெதி மகளை டோங்கா வகுப்பில் போட்டான், மகனை ஆங்கில வகுப்பில் போட்டான். ஏன் என்று கேட்டால், ரக்பிக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் ஆங்கிலத்தில்தான் கேட்பார்களாம். பையனுக்கு ஏழு வயது, பந்தைக் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்கிறான். அந்த வகுப்பு தானாக இளைத்ததில்லை, பள்ளிக்கூடம் பட்டினி போட்டதும் இல்லை. சோறு போட வேண்டியவர்கள் நாம், சாவுக்குப் பன்றி கொண்டுவந்தோம்.

அப்புறம் திருமதி பார்டன், நான் உட்கார்ந்தது யாருடைய நாற்காலி என்று கேட்டாள். ஏதோ தப்பு என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. மறுபடியும் அகானேசிதான், அது அத்தையுடைய இடம், எங்கள் அத்தை ஸ்காட்லாந்தில் இருக்கிறாள் என்றாள். அந்த அம்மாள் சுடுகிற சட்டியைத் தொட்டவள் மாதிரி விலகி, மன்னிக்கச் சொல்லிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி வந்து பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். சம்மணம் போடத் தெரியவில்லை, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினாள், ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தபடியே சொன்னாள், இந்த வருஷம் முடிவதற்குள் ஒரு வகுப்பு நடத்தத் தேவையான பிள்ளைகள் பெயரைக் கொடுங்கள், வகுப்பு தொடரும், சானேயும் இங்கேதான் இருப்பாள், இல்லையென்றால் பலகையில் போட்டது போட்டதுதான் என்று. அப்புறம் ஒரு நிமிஷம் யோசித்து, இனிமேல் பலகையில் போடுவதை சானேயிடம் காட்டிவிட்டுத்தான் போடுவேன் என்றாள்.

கிதியோனே இன்னும் மண்டியிட்டபடியேதான் இருந்தார், எழுந்தால் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று பயம். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே இரட்டையர் பெயரைச் சொன்னார். பின்னாலிருந்து அதுகள் இரண்டும் ஆங்கிலத்தில் வேண்டாம் வேண்டாம் என்று கத்த, "வாயை மூடுங்கடா, தாத்தா அவமானப்பட்டுக்கிட்டு இருக்கேன்ல" என்றார். அப்போதுதான் மண்டபத்தில் முதல் சிரிப்பு. உன் அம்மா ஹெபெதியைத் திரும்பிப் பார்த்தாள், அவன் கை தூண்டிலில் மாட்டிய மாதிரி தானாக மேலே போயிற்று. ரக்பி போனது போனதுதான். ஒவ்வொருவராகச் சொன்னார்கள், சிலர் மனசோடு, சிலர் பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறாரே என்று, இரண்டுக்கும் பெயர் ஒரே மாதிரிதான் எழுதப்படும். அப்படியும் சானே எண்ணிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். ஒன்று குறைந்தது. அப்போது உன் அம்மா எழுந்து நின்று, "கெலேசி. எங்க பிசிலா மக. ஜனவரில வந்துடுவா" என்றாள். நான் அவள் பாயைப் பிடித்து இழுத்தேன், அவள் என் கையைத் தட்டிவிட்டாள். இதுதான் நான் முதலில் சொன்ன காரியம். கெலேசியைச் சேர்த்துத்தான் வகுப்பு நிற்கிறது, அவளை எடுத்தால் விழுந்துவிடும்.

அடக்கம் நடக்கவில்லை, பன்றி இருக்கிறது, இதைத் துக்கச் சாப்பாடாகச் சாப்பிடுவதா கல்யாணச் சாப்பாடாகச் சாப்பிடுவதா என்று கிதியோனே கொஞ்ச நேரம் வாதம் நடத்தினார். பசித்தவர்கள் அதற்குள் முடித்துவிட்டார்கள். திருமதி பார்டன் சேம்பிலைப் பொதியில் இறைச்சி வைத்து வேகவைத்ததை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவளுடைய சாஸேஜை எங்கள் பிள்ளைகள் ஒன்றுகூட விடவில்லை. கொண்டாட்டம் என்றால் அதுதான் போலிருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா உன்னைக் கேட்டிருக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீ முடியாது என்று சொன்னால் அவள் வருத்தப்படமாட்டாள் என்று பொய் சொல்லவும் மாட்டேன். தொப்பிப் பள்ளிக்கூடம் மோசம் என்று நான் சொல்லவில்லை. அங்கே வயலின் சொல்லித்தருவார்கள், பாய்மரப் படகு சொல்லித்தருவார்கள் என்று எழுதியிருந்தாய். படகு விடுவதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளக் கடலோடிகள் வம்சத்து டோங்காக்காரி பிள்ளை பாலம் தாண்டிப் போகிறாள் என்பதை நான் கிதியோனேயிடம் சொல்லவில்லை, நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரே ஓர் உதாரணம் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஈஸ்டர் அன்று வீடியோவில் பேசினோமே, அப்போது அகானேசி, பாதிரியாரின் பல்செட் பாட்டின் நடுவில் கழன்று விழுந்த கதையைச் சொன்னாள். இங்கே எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கெலேசி உன் பக்கம் திரும்பி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். நீ பொறுமையாக ஆங்கிலத்தில் சொன்னாய். நீ சொல்லி முடித்தபோது குழந்தை மரியாதைக்காக ஒரு சிரிப்பு சிரித்தது. ஆறு வயதுக் குழந்தை சொந்த மாமா மகளோடு மரியாதைக்காகச் சிரிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை, நீ கெட்டிக்காரி.

இதை உன் அம்மாவுக்காக எழுதவில்லை, எனக்காகவும் இல்லை. இன்று காலை அகானேசி என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள். மண்டபத்தில் எல்லோரும் பேசினார்கள், கிதியோனே தாத்தா பேசினார், பாட்டி பேசினாள், மிஸ் பேசினாள், அத்தை இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். அத்தை தூரத்தில் இருக்கிறாள் என்றேன். அதனால் என்ன, அத்தை சொல்லாமல் முடிவாகுமா என்றாள். முறைப்படி அவள் கேட்பது சரி. எனக்கு நீ மகள், என் பேச்சைத் தட்டலாம், தட்டித்தான் ஸ்காட்லாந்துக்கே போனாய். அவளுக்கு நீ அத்தை, நீ சொன்னால் அந்த வீட்டில் அதுதான் சட்டம், ஹெபெதிகூட வாய் திறக்கமாட்டான். எழுத்து அட்டையின் மேல் போர்த்திய துணியை சானே எடுக்கப்போனபோது அத்தை சொல்லட்டும் என்று இந்தப் பிள்ளை எடுக்கவிடவில்லையாம். திங்கட்கிழமை அந்த வகுப்புப் பிள்ளைகள் எழுத்து தெரியாத அட்டைக்கு முன்னால்தான் உட்காரப்போகிறார்கள்.

மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. வரும்போது பெட்டியில் தேனும் விதையும் வைத்துவிடாதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதம் வேறு. மாப்பிள்ளையிடம் என் அன்பைச் சொல். கெலேசியின் இரண்டு கன்னத்துக்கும் உன் அம்மா முத்தம் அனுப்புகிறாள், ஒன்று ஈரமாக இருந்தால் அது என்னுடையது. உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் கடல் கடத்திப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

பதிலை எனக்கு எழுத வேண்டாம். அகானேசிக்கு எழுது. சரி என்றாலும் முடியாது என்றாலும் நம் மொழியில் எழுது, அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

உன் அப்பா,
பெனிசிமானி